உங்கள் குரலில் சந்தேகப்படும் ஊர்

அன்பும், இப்போதெல்லாம் கொஞ்சம் பயமும் சேர்ந்த என் ரஞ்சிதம் மதினிக்கு,

நலமா என்று எழுதக் கை போகிறது. இறந்துபோனவர்களை அப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டால் நீங்கள் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்து, "நல்லாருக்கேன்னு சொன்னா அப்படியே நம்பிருவியாக்கும்?" என்பீர்கள். வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

இதை ஊரும் படிக்கும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் நாத்தனார் வாசுகி. உங்கள் வீட்டுக்காரர் என் உடன்பிறந்த அண்ணன். கிணற்று மோட்டார்கள் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டித் தரும் பட்டறை வைத்திருப்பவர். நாகல்நகரில் அந்தப் பட்டறைக்கு மேல் மாடியில் நீங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினீர்கள். நான் எழுத்தாளர். அதாவது, தெருவில் யார் வீட்டில் என்ன சண்டை என்று விசாரித்து, பெயரை மட்டும் மாற்றி, நகைச்சுவை என்று பத்திரிகைக்கு அனுப்புகிறவள். பெயரை மாற்றியும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். என் தலையைக் கண்டால் பேச்சை நிறுத்துகிற வீடுகள் நம் தெருவில் கூடிக்கொண்டே போகின்றன.

நாத்தனாரும் மதினியும் அடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். நாமும் அந்த வழக்கத்தைக் கூடியவரை காப்பாற்றினோம். உங்கள் சாம்பாரை நான் குறை சொன்னேன். என் கட்டுரைகளை நீங்கள் திருத்தினீர்கள். இதில் யாருக்கு அதிக நஷ்டம் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள், மதினி. அதுதான் செய்தி.

நீங்கள் போன பிறகு உங்கள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் கடையில். தொப்பலாக நனைந்த போனை ஒருவர் கொண்டுவந்து, தண்ணீரே படவில்லை, கம்பெனி கோளாறு, மாற்றிக் கொடுங்கள் என்று கால்சட்டை மடிப்புக் கலையாமல் இங்கிலீஷில் வாதாடிக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, நம்பவில்லை என்பதை நோகாமல் சொன்னாள்: "ஐ ஆம்... நாட் ஸோ ஷ்யூர் அபவுட் தட், சார்."

அந்த 'ஐ ஆம்'க்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது. வழியில் தேங்கிய தண்ணீரைத் தாண்டுவதற்கு முன் சேலையைக் கொஞ்சம் தூக்குவோமே, அது மாதிரி. அப்புறம் தாடை லேசாகக் கீழே இறங்கி, 'ஷ்யூர்' என்ற இடத்தில் குரல் மட்டும் சிரித்துக்கொண்டு மேலே ஏறியது. அந்த ராகத்தை உலகத்தில் ஒரே ஒருவர் வாயில்தான் நான் கேட்டிருக்கிறேன். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து தலை முழுகியாகிவிட்டது. எனக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்த மாதிரி இருந்தது. வாங்க வந்த சார்ஜரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் நிற்கவே இல்லை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி கமிஷன் கடை வைத்திருக்கும் வேலுச்சாமியை மறந்திருக்க மாட்டீர்கள், உங்கள் வகுப்பில் பின்வரிசைக்காரர். ஒருநாள் அங்கே போயிருந்தேன். லாரி ஏற்றிக்கொண்டிருக்கிற சத்தத்தில் அவர் போனில் கொச்சிப் பக்கத்து சூப்பர் மார்க்கெட் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தார். போன லோடில் பாதி அழுகல் என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும். வேலுச்சாமி தாடையை இறக்கினார். "ஐ ஃபைண்ட் தட்... எ லிட்டில் ஹார்ட் டு பிலீவ், சார்."

மீசை வைத்த ஆள். வாயில் வெற்றிலை. குரல் உங்களுடையது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஏனுங்க, செரியாச் சொன்னனுங்களா? மேடம் இருந்தா 'எ லிட்டில்' போட்டதுக்கு ஒரு சபாஷ் குடுத்திருப்பாங்க" என்றார். கொடுத்திருப்பீர்கள் என்றேன். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் அழுகிற பெண்ணைப் பார்த்தால் விலை விழுந்துவிட்டது என்றுதானே நினைப்பார்கள்?

வேறு ஊர்களில் ஆவி என்றால் புளியமரத்தில் ஒரே இடமாக இருக்குமாம். நீங்கள் ஊர் முழுக்க இருக்கிறீர்கள். யார் யாரை நம்பாவிட்டாலும் அங்கே வந்து நிற்கிறீர்கள்.

இதற்கெல்லாம் காரணம் அந்த வெள்ளிக்கிழமைகள்தான். மற்ற நாட்களில் உங்கள் வகுப்பும் எல்லா வகுப்பையும் போலத்தான். வெள்ளிக்கிழமை மட்டும் புளுகு வகுப்பு. ஒருவர் எழுந்து நின்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதை நம்ப மறுக்க வேண்டும், இங்கிலீஷில், அளவோடு. ஆத்திரப்பட்டு "ஏலே, சும்மா அளக்காத" என்று தமிழில் சொன்னவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கி வர வேண்டும்.

அது ஆரம்பித்ததே உங்கள் மாணவி சகாயமேரியால்தான். நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டு டாக்டர் ஒருவர் அவளை வீடியோவில் பேட்டி எடுத்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ கேட்க நினைத்து, "டாக்டர், ஐ ஹாவ் எ டவுட்" என்றாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. தன் மேல்தான் இவளுக்கு நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. மேரி உங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "நம்ம ஊர்ல டவுட்டுன்னா கேள்வி. அவுகளுக்கு டவுட்டுன்னா நம்பலைன்னு அர்த்தம். நீ கேள்விதானே கேக்கப் போன, 'ஐ ஹாவ் எ கொஸ்டின்'னு சொல்லிருக்கலாம்" என்று அவள் தலையைத் தடவிவிட்டு, அன்றைக்கே முடிவு செய்தீர்கள், இனிமேல் சந்தேகப்படுவதைத் தனியாகவே சொல்லித்தருவது என்று.

பொய்க்கு ஆள் வேண்டுமே. அதற்கு என்னைப் பிடித்தீர்கள். "ஏத்தா, உனக்குத்தான் வாயைத் தொறந்தா அம்புட்டும் அதுதானே. வெள்ளிக்கிழமை வந்து செத்த நேரம் சொல்லிட்டுப் போ." என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் விமர்சனம் செய்ததில்லை.

போனேன். சிறுமலை வாழைப்பழம் ஒன்று எங்கள் வீட்டில் போன தீபாவளியிலிருந்து கறுக்காமல் இருக்கிறது என்றேன். "ஐ ஹாவ் மை டவுட்ஸ்" என்றார் வேலுச்சாமி. முழுக்கக் கேட்டுவிட்டு, யோசித்துவிட்டு, உள்ளுக்குள் உறுத்தல் இருக்கும்போது சொல்வது அது, சரி என்றீர்கள். எங்கள் வார்டில் அடுத்த மாதமே சாக்கடை கட்டி முடிப்பார்கள் என்றேன். "தட் ரிமெயின்ஸ் டு பி சீன்" என்றாள் மேரி. 'நடந்தால் பார்ப்போம்' என்கிற அது, நடக்கப்போவதாகச் சொல்கிற எல்லாவற்றுக்கும் பொருந்தும், மாப்பிள்ளை வீட்டார் வாக்குறுதிக்கும் பொருந்தும் என்று சேர்த்துச் சொன்னீர்கள். எதிர்வீட்டு மருமகள் நகையோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம் என்றேன். வகுப்பே ஒரே குரலில் 'பிஞ்ச் ஆஃப் சால்ட்' என்றது. காதுவழியாக வருகிற சேதியை ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், என் நாத்தனாருக்கென்றே வெள்ளைக்காரன் கண்டுபிடித்து வைத்திருக்கிறான் என்று நீங்கள் சொன்னதும் சிரித்தார்கள். கடைசியாக, என் கட்டுரைக்கு ஒரு பத்திரிகை பரிசு கொடுத்தது என்றேன். "ஐ வில் பிலீவ் இட் வென் ஐ சீ இட்" என்று கண்ணால் கண்டால்தான் நம்புவோம் என்கிற உச்சபட்ச ஆயுதத்தையே எடுத்துவிட்டார்கள். மேலதிகாரியிடமும் பெரியவர்களிடமும் எடுக்கக் கூடாது என்று நீங்கள் எச்சரித்த ஆயுதம்.

அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது கேட்டேன், "எதுக்கு மதினி இம்புட்டுச் சுத்தி வளைக்கணும்? பொய்யின்னா பொய்யின்னு சொல்லிட்டுப் போறது."

"அப்படிச் சொன்னா சொன்னவன் மானத்துக்கு நிப்பான். பொய்ய விட மாட்டான். 'எனக்கு நம்பக் கஷ்டமா இருக்கு'ன்னு சொல்லிப் பாரு. கஷ்டம் உனக்குன்னு ஆயிருது. அவன் நைசாத் திரும்பிப் போக ஒரு வழி கெடைக்கும். சந்தேகம் சொன்ன விசயத்து மேலதான் இருக்கணும், ஆளு மேல இருக்கக் கூடாது."

"அந்த வெள்ளைக்காரங்க நாடு பிடிக்க வந்தப்ப நமக்கு எந்த வழிய விட்டாங்களாம்?"

"அத அடுத்த வெள்ளிக்கிழமை கேளு" என்று சாக்பீஸ் கையால் என் கன்னத்தைத் தட்டினீர்கள். வீட்டுக்குப் போகிறவரை அந்த வெள்ளை அப்படியே இருந்தது.

நீங்கள் போன அந்த நாளைப் பற்றி எழுதாமல் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். முடியாது.

அண்ணன் அன்றைக்குச் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்கப் போயிருந்தார். சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கியவர். போன் சட்டைப் பையில். மேலே ஏறி வந்து பார்த்தால் உங்களிடமிருந்து ஒரு மிஸ்டு கால். உடனே திரும்பக் கூப்பிட்டார். எடுத்தது உங்கள் மாணவி ஒருத்தி; பேச முடியாமல் அழுதாள். வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே, உங்கள் நாற்காலியிலேயே, தூங்குகிற மாதிரி இருந்தீர்களாம். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார் டாக்டர். டாக்டர்கள் எல்லோருக்கும் அதைத்தானே சொல்கிறார்கள்.

எதுக்குக் கூப்பிட்டீங்க, மதினி?

வேலை நேரத்தில் அவரைக் கூப்பிடுகிற வழக்கமே உங்களுக்கு இல்லை. கூப்பிட்டால் ஏதாவது வாங்கி வரச் சொல்லத்தான் கூப்பிடுவீர்கள். இது எது? வலித்ததா? பயந்தீர்களா? வெறும் கறிவேப்பிலையா?

அண்ணனுக்கு அந்தக் கேள்வியோடு உலகம் நின்றுவிட்டது. பட்டறையில் எரிந்த மோட்டார்கள் வாசல்வரை சேர்ந்தன. தண்ணீர் பாய்ச்ச வழியில்லாமல் காய்ந்துகொண்டிருக்கிற தோட்டக்காரர்கள் வந்து, "அப்பு, நம்ம மோட்டார் என்னாச்சு?" என்று கெஞ்சினார்கள். "அவ எதுக்குக் கூப்பிட்டான்னு தெரியணும்ணே" என்பார் இவர். வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். சாப்பாட்டுத் தட்டை நான் கொண்டுபோய் வைத்தால் வைத்தபடியே இருக்கும். சாயங்காலம் வகுப்பு நேரத்துக்கு மாடிக்குப் போய் மாணவர்கள் உட்காருகிற நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் நான் ஏறிப் போனபோது கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே, "உன் மதினி இப்பத்தான் வந்துட்டுப் போனா" என்றார். "அவ தேய்ச்சுக்கிற அந்தத் தைல வாசம் உனக்கு வரல?"

வேடிக்கையைக் கேளுங்கள். நம்ப முடியாததை நம்பவில்லை என்று சொல்லத்தான் அந்த அறையில் அத்தனை வெள்ளிக்கிழமைகள் பயிற்சி எடுத்தோம். எனக்கு ஒன்றுகூட உதவவில்லை. பிஞ்ச் ஆஃப் சால்ட் வம்புக்கு. இவர் என் அண்ணன். ரிமெயின்ஸ் டு பி சீன் வரப்போவதற்கு. இது வந்துவிட்டுப் போனது. ஆர் யூ ஷ்யூர் என்று கேட்டால் ஆமா என்பார். கடைசியில் நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் போடுகிற அந்த ஒரே மருந்தைப் போட்டேன். "சாப்டீங்களாண்ணே?"

எனக்கும் தைல வாசம் வந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

எரியோட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் தன் மோட்டாரைத் தேடி நாலைந்து முறை வந்து அலுத்துப்போனவர். அவர்தான் சொன்னார், அவர்கள் ஊரில் ஒரு கோடாங்கி இருக்கிறார், உடுக்கை அடித்து, போனவர்களைத் தன் மேல் வரவழைத்துப் பேசவைப்பார் என்று. "நேராக் கேட்டுருங்கண்ணே. கேட்டுட்டு வந்து என் மோட்டாரக் கட்டிக் குடுங்க." அண்ணன் உடனே சரி என்றுவிட்டார். அவர் சரி என்று சொல்லியே பல மாதம் ஆகியிருந்தது. நானும் கூடப் போனேன். துணைக்குத்தான். கட்டுரைக்கு ஆகும் என்கிற நப்பாசையும் ஒரு ஓரத்தில் இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நல்ல வெயில். முருங்கைத் தோட்டத்துக்கு நடுவில் தகரக் கொட்டகை. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் தரையில் காத்திருந்தார்கள், டோக்கன்கூடக் கொடுத்திருந்தார்கள். கோடாங்கியை நான் சடாமுடியும் சிவந்த கண்ணுமாக எதிர்பார்த்தேன். மெலிந்த மனிதர், கையில் வாட்ச், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. தாசில்தார் அலுவலகத்தில் பார்த்திருந்தால் வணக்கம் சொல்லியிருப்பேன். உட்கார்ந்ததும் அண்ணனிடம் நிதானமாகச் சொன்னார்.

"வந்தது யாருன்னு நீங்கதான் கேட்டுக்கணும். அடையாளம் கேளுங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் மட்டும் தெரிஞ்சது எதாச்சும் கேளுங்க. வழியில போற எதாவது உள்ள பூந்துரும். கேக்காம நம்புனா அது உங்க பொறுப்பு."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நம் வெள்ளிக்கிழமைக்கு வந்திருக்க வேண்டிய ஆள்.

உடுக்கை ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. குரல் மெலிந்து பெண்குரலாயிற்று. "வந்துருக்கேன்... வந்துருக்கேன்..."

"ரஞ்சிதமா?" என்றார் அண்ணன்.

"ஆமா."

"அடையாளம் கேளுங்கண்ணே" என்று, கூடவே வந்திருந்த எரியோட்டுக்காரர் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். அண்ணனுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. மாதக்கணக்காக வாயிலேயே வைத்திருந்தது வெளியே விழுந்தது. "எதுக்குத்தா கூப்பிட்ட?"

உடுக்கை வேகமெடுத்தது. "நெஞ்ச அடைச்சுச்சு. தண்ணி குடுக்க ஆளில்ல. உங்களத்தான் கூப்பிட்டேன். நீங்க எடுக்கல. எடுக்கவே இல்ல."

மிஸ்டு கால் விஷயத்தை எரியோட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லியிருப்பார். கோடாங்கி கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. வந்தவர்களை அழவைத்து அனுப்பினால்தான் பாரம் இறங்கும் என்பது அவர் வழி. ஆனால் நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. தலை மட்டும் கீழே, கீழே போய்க்கொண்டிருந்தது, கயிறு விட்ட வாளி மாதிரி. இதை நம்பி இவர் வீட்டுக்கு வந்தால் நான் இன்னொருவருக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது.

"யோவ், நிறுத்துய்யா" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

"ஐ ஆம்... நாட் ஸோ ஷ்யூர் அபவுட் தட்."

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். சேற்றில் மாட்டிய வண்டி மாதிரி வரும். இது அப்படி வரவில்லை. அந்த நிறுத்தம் இருந்தது. என் தாடை தானாக இறங்கியதை நான் உணர்ந்தேன். 'ஷ்யூர்' சிரித்துக்கொண்டு மேலே ஏறியது.

உடுக்கை நின்றது. அண்ணன் திரும்பினார்.

"அந்தம்மா மேல எறங்கிருச்சு" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், கொட்டகை முழுக்க எழுந்துவிட்டது. ஒரு பெண் என் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இன்னொருத்தி நெற்றியில் கை நிறையத் திருநீறு அப்பினாள். "இங்கிலீசுல பேசுதுடி." "படிச்ச ஆத்தா போல." "எங்க பாப்பாவுக்குக் காலேஜுல சீட்டுக் கெடைக்குமான்னு செத்த கேட்டுச் சொல்லச் சொல்லுங்க." நான் வாசுகி, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தேன், வாயில் திருநீறு.

கோடாங்கி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். "ஆள் மாறி வந்துருச்சு. அப்படி வர்றதும் உண்டு. இனிமே கேக்குறத அந்தம்மாகிட்டக் கேளுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். அண்ணன் வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. தாடையைத்தான் பார்த்தார்.

"ரஞ்சிதம். எதுக்குத்தா கூப்பிட்ட?"

அந்த முகத்துக்கு எதிரே நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையில் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அந்த நேரத்திலாவது எனக்குள் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காத்திருந்தேன், மதினி. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன்.

"சாயங்காலத்துக்குப் பால் வாங்கிட்டு வரச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வேற ஒண்ணுமில்ல. நீங்க எடுக்கல, சரி வேலையா இருப்பீங்கன்னு விட்டுட்டேன். அப்படியே கண்ணசந்துட்டேன்."

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீங்கள் போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், முழுக்கக் குடித்தார். கிளம்பும்போது கோடாங்கி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு எறங்குற ஒடம்பும்மா. வீணாக்கிறாதீங்க. மாசத்துக்கு ஒருக்கா வந்து போங்க" என்றார். இத்தனை காலம் எழுதியும் எனக்குக் கிடைக்காத மரியாதை, ஒரே வாக்கியத்தில்.

திரும்பும்போது அண்ணன் வண்டியை ஓட்டினார், நான் பின்னால் அவிழ்ந்த கொண்டையோடு. ஊர் நெருங்கி மலைக்கோட்டை தெரிந்ததும் சாலையோரக் கடையில் நிறுத்தி இரண்டு டீ சொன்னார். உளுந்தவடை எடுத்துத் தின்றார். இன்னொன்று எடுத்தார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாசுகி."

"என்னண்ணே."

"நம்ம வீட்டுல சாயங்காலம் பால் வாங்குறதே இல்ல."

நான் டீக்குள் பார்த்தேன்.

"உன் மதினிக்குப் பால் ஆகாது. கடுங்காப்பிதான். காலையில எனக்கு மட்டும் ஒரு பாக்கெட்டு."

"ஆமால்ல" என்றேன். வேறு என்ன சொல்ல? நகைச்சுவை எழுத்தாளர் என்று பெயர். ஒரு பொய்யைக் குறையில்லாமல் சொல்லத் துப்பில்லை.

"கோவமில்ல" என்றார். "நீ சொன்னதும் 'நம்ம வீட்டுல ஏது சாயங்காலப் பாலு'ன்னு தோணுச்சு. அப்பத்தான் அந்த ஆளு சொன்னதையும் யோசிச்சேன். தண்ணி குடுக்க ஆளில்லன்னாரு. அவ பக்கத்துலயே பாட்டில் இருந்துச்சு, பாதி குடிச்சது, நானே எடுத்து வச்சேன். அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது." வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "பேசணும்னு தோணிருக்கும். கூப்பிட்டுருப்பா. இல்ல வேற எதுக்காச்சுமா இருக்கும். தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

இதைச் சொல்லத்தான் மனிதருக்கு இத்தனை மாதம் ஆனது. நான் வழக்கம்போல வாயைக் கொடுத்தேன். "அப்ப நான் வீணா இம்புட்டுத் திருநீறு தின்னிருக்கேன். மொத்தமும் நடிப்புன்னு தெரிஞ்சேதான் அழுதீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"பால் சொன்னது நீ. அது எனக்குத் தெரியும். முன்னாடி இங்கிலீசுல ஒண்ணு சொன்னியே, அது நீ இல்ல."

"அண்ணே, அது நான்தாண்ணே. மதினி சொல்லிச் சொல்லிக் கேட்டுப் பழகுனது. ஒட்டன்சத்திரத்து வேலுச்சாமிகூட அப்படித்தான் பேசுறாரு."

"நீ நம்பாட்டிப் போ" என்றார், கோபமே இல்லாமல். "அவளோட இத்தன வருசம் இருந்தவன் நான்."

வண்டியைக் கிளப்பினார். நான் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு பின்னால் ஏறினேன்.

மறுநாள் காலையில் கீழே பட்டறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. எரியோட்டுக்காரர் மோட்டார் முதலில் போனது. இப்போது வாசலில் குவிந்ததெல்லாம் குறைந்துகொண்டு வருகிறது. மத்தியானம் தட்டு காலியாக வருகிறது. உப்புப் போதவில்லை என்று குறை வேறு. மாடிக்குப் போவதை அவர் நிறுத்திவிட்டார். போவது இப்போது நான்தான். கூட்டிப் பெருக்க என்று சொல்லிக்கொள்கிறேன். பெருக்கி முடித்த பிறகும் உட்கார்ந்திருக்கிறேன். யாருமில்லாத அந்த அறையில் உங்கள் வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பல தடவை சொல்லிப் பார்த்தேன். அந்த நிறுத்தம் தப்பான இடத்தில் விழுகிறது. 'ஷ்யூர்' ஏறவே மாட்டேன் என்கிறது. எரியோட்டில் வந்தது எனக்கு மறுபடி வரவில்லை, மதினி.

அப்படியென்றால் அன்றைக்கு யார் பேசியது?

இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். சொன்னால் பயத்தில் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன். அப்புறம் அண்ணனுக்கு யார் சோறு போடுவது? ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உங்கள் குரலை வைத்துக்கொண்டு இனி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், யாரைக் காப்பாற்றவும். சொல்ல வேண்டிய பொய்களை என் சொந்தக் குரலிலேயே சொல்லி, மாட்டிக்கொண்டு, அவமானப்பட்டுக்கொள்கிறேன். அண்ணனுக்கு இன்னொரு தடவை ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வாருங்கள். நான் குறுக்கே பேசாமல் இருந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சாம்பாரை இப்போது தன் கையால் வைத்து, அதிலும் குறை கேட்டுக்கொண்டிருக்கும்,
உங்கள் நாத்தனார் வாசுகி